இரண்டரை மில்லி

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சளி மட்டும் விட்டபாடில்லை. நாள் முழுக்கத் துணித் தூசியில் உட்கார்ந்துகொண்டு சளியைக் குறை சொல்லி என்ன பயன்? உங்கள் தோள்வலி எப்படி இருக்கிறது? அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா, இல்லை பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் டீயைக் குடித்தே வயிற்றை நிரப்புகிறாரா?

ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினாள், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். வாரம் முழுக்க எங்கள் போன்களைக் கம்பெனி விடுதி ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கையில் கொடுக்கும்போது வார்டன் அம்மா எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அவர் காதுக்கு நேரே சில விஷயங்கள் பேச வராது.

விஷயம் இதுதான். ஒரு மரக்கதவில் தாழ்ப்பாள் பொருத்த வேண்டும். நீங்கள் மரப் பட்டறையில் டிரில் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவர், உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்? நாலு ஸ்க்ரூவோடு சின்னத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கினேன். கத்தி முனையால் ஸ்க்ரூவைத் திருகித் திருகிப் பார்த்தேன். கதவு அசைந்து கொடுக்கவில்லை. ஒரு ஸ்க்ரூவின் தலை மழுங்கிப் போனது, என் கட்டைவிரலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். முதலில் துளை போட்டுக்கொள்ள வேண்டும் என்று தையல் மெஷின் மெக்கானிக் சொன்னார். தன் கை டிரில்லை இரவல் தருவதாகவும் சொன்னார். அதில் மாட்டித் துளை போடுகிற பிட் என்ன அளவில் வாங்க வேண்டும் என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கிவிட்டார். நீங்கள் சொல்லுங்கள்.

எங்கள் அறைக் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இல்லை. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம். பதிலை விடுதிக்கு அனுப்பாதீர்கள். கீழே எழுதியிருக்கும் ஜெராக்ஸ் கடை முகவரிக்கு அனுப்புங்கள். கடைக்கார அக்கா எடுத்து வைத்துக் கொடுப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வாலு


மார்ச் 13

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்தது. தோள்வலி வந்த விருந்தாளி போகாத மாதிரி தங்கிவிட்டது. நானும் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டேன். உன் அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை. பஸ்ஸில் பிரேக் சரியில்லை என்று டிப்போவில் சண்டை போட்டுவிட்டு வந்து, குழம்பில் உப்பு சரியில்லை என்று என்னிடம் போடுகிறார். நீ சளிக்கு வெந்நீர் குடி. தையல் மெஷினில் உட்காரும்போது வாயில் துணி கட்டிக்கொள்.

கத்தியால் ஸ்க்ரூ திருகிய புண்ணியவதியே, கேட்டுக்கொள். ஸ்க்ரூவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். நடுவில் ஒரு தண்டு. அதைச் சுற்றிக்கொண்டு ஏறுகிற மரை. மரத்தைக் கவ்விப் பிடிக்கிற வேலை மரையுடையது. தண்டுக்கு வேண்டியது போய் நிற்க இடம் மட்டும்தான். ஆகவே துளை தண்டின் பருமனுக்கு இருக்க வேண்டும். ஸ்க்ரூவின் முன்னால் பிட்டை வைத்துப் பார். தண்டு மறைந்து, இரண்டு பக்கமும் மரை மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்தால் அதுதான் உன் பிட். மரையும் மறைந்துவிட்டால் பிட் பெரிது. ஸ்க்ரூ தொளதொளவென்று ஆடும். தண்டும் எட்டிப் பார்த்தால் பிட் சிறிது. ஸ்க்ரூ பாதியில் முறியும், இல்லாவிட்டால் மரம் பிளக்கும். நீ சொல்கிற சின்னத் தாழ்ப்பாள் ஸ்க்ரூவுக்கு அநேகமாக இரண்டரை மில்லி சரியாக வரும். ஸ்க்ரூவைக் கையோடு கடைக்கு எடுத்துக்கொண்டு போ. கடைக்காரர் வாய்க்கணக்கை நம்பாதே.

துளை போடும் இடத்தில் முதலில் ஓர் ஆணியால் குத்திக் குழி செய்துகொள். இல்லாவிட்டால் பிட் வழுக்கிக்கொண்டு ஊர்வலம் போகும்.

இனி நான் கேட்பதற்குப் பதில் சொல். கதவில் ஏன் தாழ்ப்பாள் இல்லை? ஆரம்பத்திலிருந்தே இல்லையா? உன் அறையில் பாடிக்கொண்டே இருப்பாளே, அந்தப் பாட்டுக்காரி எப்படி இருக்கிறாள்? போனில் பேசும்போது பின்னால் அவள் குரல் கேட்கும். இரண்டு வாரமாகக் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். வெந்நீர் குடிக்கிறேன். நீங்களும் தோளுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் கடிதம் வருவதற்குள் அவசரப்பட்டுவிட்டேன், திட்டாதீர்கள். கடைக்காரர் ஐந்து மில்லி பிட்டை எடுத்து நீட்டி, “எதுக்கும் கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்மா, ஈசியா போகும்” என்றார். போனது. ரொம்ப ஈசியாகப் போனது. ஸ்க்ரூவை வைத்தால் கிணற்றில் கல் விழுந்த மாதிரி உள்ளே விழுந்து, கதவுக்குள் எங்கோ உருண்டுபோகும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் கூடு. முன்னும் பின்னும் பலகை ஒட்டியிருக்கிறார்கள். துளை தெரியாமல் இருக்க அதன்மேல் என் துண்டை மாட்டி வைத்திருக்கிறேன்.

கதவை நன்றாகப் பார்த்தேன். விளிம்புக்குப் பக்கத்தில் நாலு பழைய துளைகள் இருக்கின்றன. பட்டி வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். முன்பு தாழ்ப்பாள் இருந்திருக்கிறது. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டு வேலைக்கு வராமல் இருக்கிறார்கள் என்று எல்லா அறையிலும் கழற்றிவிட்டார்களாம். நான் வருவதற்கு முன்னால் நடந்தது.

என் அறைக்காரிகள் நெட்டையும் கண்ணாடியும் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். அறையில் இப்போது நாங்கள் மூன்று பேர்தான். பாட்டுக்காரி வீட்டுக்குப் போய்விட்டாள்.

இந்தப் பெரிய துளையை என்ன செய்வது?

அன்புடன்,
வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வெயில் பட்டறைத் தகரத்தில் இறங்கி, நாங்கள் எல்லோரும் அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி இருக்கிறோம். நீ தண்ணீர் நிறையக் குடி.

பெரிய துளை போட்டவள் நீ ஒருத்தி மட்டும் இல்லை. அடைத்துவிட்டு மறுபடி போட்டால் போயிற்று. உருண்டையான குச்சி ஒன்றைத் துளைக்குச் சற்று இறுக்கமாகச் சீவு. மரப்பசையில் தோய்த்து அடித்து உள்ளே இறக்கு. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிடு. ஆனால் அந்த இடத்தில் தாழ்ப்பாள் போடாதே. கூடு கதவுக்கு விளிம்பில்தான் கெட்டி மரம் இருக்கும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போ. டொக் டொக் என்பது மாறி, திம் என்று அடங்கிய சத்தம் வரும் இடம்தான் உன் இடம். பழைய துளைகளில் இருப்பது பட்டி. அது ஸ்க்ரூவைப் பிடிக்காது. அவற்றுக்கு இரண்டு விரல் மேலே போடு. பிட்டில் ஸ்க்ரூவின் நீளத்துக்கு ஓர் இடத்தில் டேப் சுற்றிக்கொள். டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்து. அப்போதுதான் அந்தப் பக்கம் பொத்துக்கொண்டு போகாது.

துளைக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. நான் கேட்டதற்கு நீ சொல்லவில்லை. “வீட்டுக்குப் போய்விட்டாள்” என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டாய். நீ நாலு பக்கம் எழுதுகிற பெண். ஏன் போனாள்?

இங்கே புது மேஸ்திரி வந்திருக்கிறார். பொம்பளைக்கு எதற்கு டிரில் மெஷின், உப்புத்தாள் தேய்க்கிற பக்கம் போ என்றார். நான் பிட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, இந்தக் கீலுக்கு என்ன அளவு என்று நீங்களே போட்டுக் காட்டுங்கள், பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். மெஷின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நீ எனக்கு நாத்தனார் முறை, எனக்கு வாய் நீளம். இரண்டையும் வைத்துக்கொண்டு நீ என்னிடம் எதையும் சொல்லலாம்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் சுகம்.

சொல்கிறேன். விடுதிக்கு ஒரு செக்யூரிட்டி அதிகாரி இருக்கிறார். எந்நேரமும் ரவுண்டு வருவதால் நாங்கள் வைத்த பெயர் ரவுண்டு. அறையில் ஹீட்டர் வைத்திருக்கிறோமா, சமைக்கிறோமா என்று பார்ப்பது அவர் வேலை. குரல் கொடுக்க மாட்டார். கதவைத் தள்ளிக்கொண்டு அப்படியே உள்ளே வருவார். எங்கள் ஷிப்ட் முடிந்து குளித்து, உடை மாற்றும் நேரம் அவருக்கு மனப்பாடம்.

அன்றைக்குப் பாட்டுக்காரி குளித்துவிட்டு வந்து நின்றாள். கதவு திறந்தது. ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். இல்லை என்ற பிறகும் அவர் போகவில்லை. அவள் ஈரத் துண்டைச் சுருட்டி அவர் முகத்தில் எறிந்தாள். நேராக ஆபீசுக்குப் போய்ப் புகாரும் சொன்னாள். மறுநாள் நாங்கள் வேலை முடிந்து வரும்போது அவள் கட்டிலில் விரிப்பு இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றார் வார்டன் அம்மா. உடம்பு சரியில்லாதவள் முந்தின நாள் எறிந்த எறியை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

உங்களுக்கு எழுத வெட்கமாக இருந்தது. பிறகு யோசித்தேன், வெட்கப்பட வேண்டியது நானா?

தாழ்ப்பாள் போட்டுவிட்டோம் அண்ணி. கண்ணாடி கதவைத் தட்டித் தட்டிக் கெட்டி மரத்தைக் கண்டுபிடித்தாள். நெட்டை கதவை அசையாமல் பிடித்துக்கொண்டாள். நான் டிரில்லைச் சுற்றினேன். இரண்டரை மில்லி. துளையிலிருந்து மரத்தூள் சுருள் சுருளாக வந்தது. ஸ்க்ரூ முதல் இரண்டு சுற்றுக்குச் சும்மா போனது; அப்புறம் கவ்வியது பாருங்கள், அந்தக் கவ்வல் என் மணிக்கட்டு வரைக்கும் தெரிந்தது. தாழ்ப்பாளைப் போட்டோம். மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தோம். ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு சுகம் என்று தெரியாது.

வார்டன் அம்மா வந்து தள்ளிப் பார்த்தார், திறக்கவில்லை. நாங்கள் திறந்தபோது அவர் கேட்டார்: “உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கற அளவுக்கு அப்படி என்னடி இருக்கு?”

“நாங்க இருக்கோம்” என்றேன்.

அன்புடன்,
வாலு


மே 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடமிருந்து பதிலே இல்லை. ஜெராக்ஸ் கடை அக்கா என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். உடம்புக்கு ஏதாவதா? ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அண்ணன் எடுத்து, அண்ணி வேலையாக இருக்கிறாள் என்கிறார்.

நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். விடுதி ஆசாரி வந்து கழற்றியிருக்கிறார். மூன்று பேரையும் ஆபீசில் நிற்க வைத்து, விடுதிச் சொத்தைச் சேதப்படுத்திவிட்டீர்கள், இன்னொரு தடவை செய்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்றார்கள். கண்ணாடி அழுதாள். நெட்டை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வரவில்லை. பிடுங்கிய துளைகள் நாலும் கதவில் அப்படியேதான் இருக்கின்றன. தாழ்ப்பாளைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது பக்கத்து அறைக்காரி வந்து கேட்கிறாள், எங்களுக்கும் போட்டுத் தருகிறாயா என்று. அதற்குப் பக்கத்து அறையும் கேட்கிறது. மாடி முழுக்கக் கேட்கிறது. ஒரு சந்தேகம்: கடைசித் துளையின்போது புகை வந்து கருகல் நாற்றம் அடித்தது. பிட் போய்விட்டதா? ஒரே பிட்டை வைத்து எத்தனை கதவு போடலாம்?

நான் எழுதியது உங்களைப் பயமுறுத்திவிட்டதா? அப்படியானால் இதற்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
வாலு


மே 6

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

விடுதி ஆபீசிலிருந்து எனக்கு போன் வந்தது. கதவில் துளை போடுகிறாயாம், மற்றப் பெண்களைத் தூண்டிவிடுகிறாயாம். உன் அண்ணியைக் கேட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள். என்ன அளவு பிட் என்று பாடம் வேறு நடத்தியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

நடந்தது தெரிந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மாதிரி இடத்தில் நீ ஒரு நாள்கூட இருக்க வேண்டாம். அவர்கள் பெரிய இடம். நாம் மோதி ஆகப்போவது ஒன்றும் இல்லை. லீவு சொல்லிவிட்டேன். மே 25 காலை வருகிறேன். உன் சாமான்களைக் கட்டித் தயாராக இரு. இங்கே வந்து வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். அதுவரை வாயைத் திறக்காமல், எந்தக் கதவிலும் கை வைக்காமல் இரு.

உடம்பைக் கவனித்துக்கொள்.

இப்படிக்கு,
அண்ணன்


மே 13

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்கள் சாப்பிடாமல் இருக்க வேண்டாம். வெறும் வயிற்றோடு பஸ் ஓட்டினால் ஏறியிருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து.

நான் வரப்போவதில்லை அண்ணா.

கோபப்படாமல் படியுங்கள். நம் வீட்டில் இருப்பது ஒரே அறை. நானும் அண்ணியும் உள்ளே இருந்தால் நீங்கள் வாசலில் செருப்பை விடும்போதே இருமுவீர்கள். தொண்டையில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் இருமிவிட்டு, நாங்கள் “வாங்க” என்ற பிறகுதான் வருவீர்கள். அது உங்கள் வீடு, வாடகை கொடுப்பது நீங்கள். யாரும் உங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த ஓர் இருமலைத்தான் இங்கே கேட்கிறோம். அதைக் கொடுக்க அவர்களுக்கு மனசில்லை, அதனால் தாழ்ப்பாள் போடுகிறோம்.

நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் என் கட்டிலுக்கு வேறு ஒருத்தி வருவாள். அவளுக்கு அண்ணி இருப்பாளா, டிரில்லைப் பற்றித் தெரிந்த அண்ணி இருப்பாளா என்று எனக்குத் தெரியாது. பாட்டுக்காரி தனியாகப் புகார் சொன்னாள், தனியாகவே போனாள். அவள் கட்டில் காலியானபோது நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனிமேல் கேட்பேன்.

அண்ணியைத் திட்டாதீர்கள். அவர் சொல்லிக் கொடுக்காவிட்டால் நான் ஐந்து மில்லியிலேயே எல்லாக் கதவையும் பாழாக்கியிருப்பேன்.

25ஆம் தேதி வாருங்கள். உங்களைப் பார்த்து ஏழெட்டு மாதம் ஆகிறது. என்னைப் பார்க்க வாருங்கள். கூட்டிக்கொண்டு போக வராதீர்கள்.

அன்புத் தங்கை,
வாலு


மே 19

அன்புள்ள வாலுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பயமும் இல்லை.

ஏப்ரலிலேயே உனக்குப் பதில் எழுதி, வழியில் தபாலில் போடச் சொல்லி உன் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் போடவில்லை. அதற்குள் விடுதியிலிருந்து போன் வந்திருக்கிறது. கடிதத்தைத் தன் காக்கிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நாள் கணக்கில் சுற்றியிருக்கிறார். சட்டையைத் துவைக்க எடுத்தபோது என் கையெழுத்தே என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கு இந்த வீட்டில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் உனக்கு விவரமாகச் சொல்வார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் எழுதுகிறேன். “அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்று கேட்டார். “ஆனதுக்கு அப்புறந்தான் அவ தாழ்ப்பாள் போட்டா. அதுக்கு மொதல்ல யாரு பதில் சொன்னா?” என்று நான் கேட்டேன். அப்புறம் அவர் சாப்பிடவில்லை. நானும் பரிமாறவில்லை. இனி என் கடிதத்தை நானே நடந்து போய்ப் போடுகிறேன்.

உன் கடிதம் அவருக்கு வந்தது. நின்றபடியே படித்தார். மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படித்தார். 25ஆம் தேதி வருகிறார் என்பது மட்டும் நிச்சயம். வந்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது, பொய் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன்.

புகை வந்தால் பிட் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். இல்லாவிட்டால் துளைக்குள் தூள் அடைத்துக்கொண்டிருக்கிறது. நாலைந்து சுற்றுக்கு ஒரு தடவை பிட்டை வெளியே இழுத்து, தூளைத் தட்டிவிட்டு மறுபடி விடு. பலத்தைப் போட்டு அழுத்தாதே. கூரான பிட் தானே வழி கண்டுபிடித்துப் போகும். ஸ்க்ரூவின் மரையில் கொஞ்சம் சோப்பைத் தடவினால் கை வலிக்காமல் இறங்கும். பிடுங்கிய துளைகளில் அப்படியே போடாதே. குச்சி வைத்து அடைத்துவிட்டுப் போடு. சாணை பிடித்த இரண்டரை மில்லி பிட்டுகள் ஒரு பொட்டலமாக இதோடு வருகின்றன. மேஸ்திரிக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். முணுமுணுத்தார், தடுக்கவில்லை.

மாடி முழுக்கப் போடு.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நான் மிக நலம். அண்ணன் வீடு வந்து சேர்ந்திருப்பார். அவர் வாயிலிருந்து பாதிதான் வந்திருக்கும் என்பதால் நான் முழுசாக எழுதுகிறேன்.

உங்கள் பொட்டலம் சனிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் அம்மா போன் கொடுக்கிற நேரத்துக்கு ஆபீசில் உட்கார்ந்தார். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கிய தாழ்ப்பாள்களோடு நாங்கள் மேலே ஆரம்பித்தோம். கீழே ஒவ்வொருத்தியும் அன்றைக்கு வீட்டோடு பேசியதைப் போல என்றைக்கும் பேசியதில்லை. பக்கத்து வீட்டு மாட்டைக்கூட நலம் விசாரித்திருக்கிறார்கள். வார்டன் அம்மாவும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்துவிட்டார். தட்டிப் பார்க்க ஒருத்தி, குச்சி சீவ ஒருத்தி, ஆணியால் குறி வைக்க ஒருத்தி, சோப்புத் தடவ ஒருத்தி. கை டிரில் என் கையிலிருந்து நெட்டையிடம் போய், அங்கிருந்து யார் யாரிடமோ போய்விட்டது. சாயங்காலத்துக்குள் மாடியில் ஓர் அறை பாக்கி இல்லை.

மறுநாள் 25ஆம் தேதி காலையில் ஷிப்ட் மணி அடித்தது. யாரும் வெளியே போகவில்லை. உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டுமானால் ஒருவர் உள்ளே வர வேண்டும். உள்ளே வர நாங்கள் திறக்க வேண்டும். இது அந்த ஆசாரிக்குத்தான் முதலில் புரிந்தது போல. ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றுவிட்டாராம்.

மேனேஜர் வந்தார். ரவுண்டும் வார்டன் அம்மாவும் கூட வந்தார்கள். கதவைத் தள்ளிப் பார்த்தார்கள், கத்தினார்கள், வேலை போய்விடும் என்றார்கள். சரக்கு ஏற்ற லாரி வந்து நிற்கிறது, அவர்களுக்கும் அவசரம். பக்கத்து அறையில் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. எனக்கும் பயமாக இருந்தது அண்ணி, மறைக்கவில்லை. தாழ்ப்பாள்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் அண்ணன் குரல் வராந்தாவில் கேட்டது. மேனேஜர் அவரைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டார்.

“நீங்கதான அண்ணன்? உங்க தங்கச்சிய வெளிய வரச் சொல்லுங்க. மத்தவங்க தானா வந்துடுவாங்க.”

அண்ணன் எங்கள் கதவுக்கு முன்னால் வந்து நிற்பது அடியில் நிழலாகத் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கூப்பிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அவர் ரவுண்டைக் கேட்டார். “சார், உங்க வீட்டுல உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?”

“அது எதுக்கு இப்ப?”

“இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன?” அண்ணன் மேனேஜர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். “கதவு சாத்தியிருக்கு சார். பேசணும்னா தட்டுங்க.”

கடைசியில் தட்டினார்கள்.

“யாரு?” என்றாள் நெட்டை. வெளியே நிற்பது யார் என்று தெரிந்துதான் கேட்டாள்.

“மேனேஜர்.”

“என்ன வேணும்?”

மாடி முழுக்க அந்த ஒரு கேள்விக்குச் சிரித்தது. விசும்பினவளும் சிரித்திருப்பாள். கதவை மூடியபடியே பேசினோம். தாழ்ப்பாள்கள் இருக்கும். ரவுண்டு இனி வெளி கேட்டோடு சரி, மாடி ஏற மாட்டார். சோதனை போட வேண்டுமானால் வார்டன் அம்மா குரல் கொடுத்துவிட்டு வருவார். பாட்டுக்காரியைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றதற்கு, பார்க்கலாம் என்றார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி இன்னொரு தடவை சொல்ல வைத்த பிறகுதான் திறந்தோம்.

நஷ்டமும் உண்டு. என்னை மெஷினிலிருந்து எடுத்து நூல் வெட்டுகிற மேசையில் போட்டிருக்கிறார்கள். நூலை வெட்டிக்கொண்டே மேனேஜரைப் பார்த்துச் சிரிக்கிறேன். அதற்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாட்டுக்காரிக்கு எழுதினோம். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாம், வர மாட்டாளாம். அங்கே முதல் நாளே கதவைப் பார்த்தாளாம், தாழ்ப்பாள் இருக்கிறதாம்.

அண்ணனை நாங்கள் உள்ளே கூப்பிட்டோம். தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துப் போட்டு எடுத்துப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூ கொஞ்சம் கோணல் என்றார். ஆமாம், ஆனால் பிடிக்கிறது என்றேன். கண்ணாடி கொடுத்த டீயைக் குடித்தார். ஊருக்கு எப்போது வருவாய் என்று கேட்கவே இல்லை.

பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஒருவர் உட்கார வந்தபோது கண்டக்டர், அது இவர் வாங்கியது என்று சொல்லி அவரைப் பின்னால் அனுப்பினார். அண்ணன் இரண்டு பேருக்கு டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார் அண்ணி. நான் அந்த இருக்கையைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். தன் பையைத் தூக்கி அதில் வைத்தார்.

“நல்லதாப் போச்சு. கால நீட்டிக்கிட்டுப் போறேன். நீ போ, ஷிப்டுக்கு நேரமாச்சு” என்றார்.

உங்கள் தோளைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வாலு